அப்பாவின் கல்லீரலும் ஒரு கிடங்குப் புண்ணாக்கும்

என் தந்தை மது அருந்தியதில்லை. ஒரு நோயைப் பற்றிய விவரத்தை இப்படித் தொடங்குவது முறைதானா என்று எனக்கே தயக்கமாக இருக்கிறது. ஆனால் பம்பாயின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நாங்கள் கழித்த வாரங்களில், எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்பே இதைத்தான் அவரிடம் கேட்டார்கள். அங்கிருந்த மருத்துவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர் எவரும் அவருடைய பதிலை நம்பவில்லை. இன்று அவர் வீட்டில் படுத்திருக்கிறார். வயிற்று நீர் வடிந்திருக்கிறது, கண்ணின் மஞ்சள் குறைந்திருக்கிறது. இதைக் குணம் என்று எண்ணிவிட வேண்டாம், இது ஓர் இடைவெளி மட்டுமே என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன். எங்கள் கிடங்கைப் போன்ற கிடங்குகள் இந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன என்பதால் எழுதுகிறேன்.

தாராவியில் எங்களுக்குக் கடலைப் புண்ணாக்குக் கடை. எருமைத் தொழுவத்தைப் பம்பாயில் தபேலா என்பார்கள். செம்பூர், குர்லா, தேவ்நார் பக்கத்துத் தபேலாக்களுக்கு அப்பாவும் சித்தப்பாவும் முப்பது ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பி வந்தார்கள். அந்த வியாபாரத்தில் தராசைக் காட்டிலும் முக்கியமான கருவி அப்பாவின் நாக்கு. லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கியதும் அடுக்குக்கு ஒன்றாகப் பிரித்து, ஒரு வில்லையின் ஓரத்தை ஒடித்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். எண்ணெய் எவ்வளவு தங்கியிருக்கிறது, மணல் சேர்ந்திருக்கிறதா, ஆமணக்கு கலந்திருக்கிறதா, சிக்கு வாடை தட்டுகிறதா என்பதெல்லாம் அவருக்கு அந்த மெல்லலில் தெரிந்துவிடும். மென்றதைத் துப்ப மாட்டார். வாங்க வந்தவன் எதிரில் துப்பினால் சரக்கின் மேல் அவனுக்கு ஐயம் வரும் என்பது அத்தொழிலின் வழக்கம். தபேலாக்காரர்களும் அவர் தொண்டை அசைவதைப் பார்த்த பிறகே முன்பணத்துக்கு மடியை அவிழ்ப்பார்கள். நான் வேதியியலில் பட்டம் பெற்று, மாட்டுங்காவில் எண்ணெயும் புண்ணாக்கும் பரிசோதிக்கும் தனியார் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எங்கள் கூடத்து முடிவையும் அவர் நாக்கின் முடிவையும் ஒப்பிட்டு வீட்டில் சிரித்ததுண்டு. இரண்டும் அதிகம் விலகியதில்லை.

நோய் வந்ததை முதலில் அம்மாதான் கண்டாள். வேட்டியை அவர் நாளுக்கு நாள் மேலே ஏற்றிக் கட்டுவதாகச் சொன்னாள். கைகள் மெலிந்தன, வயிறு மட்டும் உப்பியது. மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் அப்படியே நின்றது. பக்கத்து மருத்துவர் டானிக் எழுதிக் கொடுத்தார். சித்தப்பா எங்கிருந்தோ கீழாநெல்லி வாங்கி வந்து அரைத்துக் கொடுத்தார். கண் மஞ்சளித்த பின்புதான் பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் ஒரு முழுக் காலைப் பொழுதும் நின்றோம். எங்கள் முறை வந்தபோது மேசையில் இருந்தவர் அப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் விரலால் தட்டினார். பிறகு, "தாரூ?" என்றார். இங்கே சாராயத்துக்கு அந்தப் பெயர். அப்பா இல்லை என்று தலையசைத்தார். வீடு எங்கே என்றார் அவர். தாராவி என்றதும் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மதுவிலக்கு நடப்பில் உள்ள நகரம் இது. எங்கள் பேட்டையை ஒட்டிய சதுப்பில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பது நகரம் அறிந்த செய்தி. ஆகவே எங்கள் முகவரியே எங்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது. அவர் எழுதிய சீட்டில் என்ன எழுதினார் என்பதை ஆங்கிலம் படித்த நான் வாசித்தேன். அப்பா என்னிடம் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

ஆண்கள் வார்டில் கட்டில் காலியில்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் பாய் கிடைத்தது. இரவில் பெண்கள் தங்கக் கூடாது என்பதால் சித்தப்பா தங்கினார். பகலில் நானும் அம்மாவும் மாறி மாறி இருந்தோம். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றாலும், வார்டில் இல்லாத மருந்துகளுக்குச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சீட்டுகளோடு வெளியே உள்ள மருந்துக் கடைகளுக்கு ஓடுவது என் வேலையாயிற்று.

சோதனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்; தெரியாதபோது அவற்றின் அச்சம் பெரிது. முதலில் இரத்தம் எடுத்தார்கள். பிறகு அடிவயிற்றில் மரக்கச் செய்து, தடித்த ஊசிக் குழாய் ஒன்றைச் செருகி உள்ளே தேங்கிய நீரை வாளியில் வடித்தார்கள். பதநீரின் நிறத்தில் அது இறங்கியது. மூச்சு எளிதாகிவிட்டதால் அன்று மாலை அப்பா வெகுநாளுக்குப் பிறகு வேடிக்கையாகப் பேசினார். பக்கத்துக் கட்டில்காரரிடம், எருமைகூட இவ்வளவு கறக்காது என்றார். சில நாள் கழித்து, கல்லீரலிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்தார்கள். வலப்பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி போகும். மூச்சை வெளியே விட்டு அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அந்த அடக்கத்துக்குள் ஊசி போய்த் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் பக்கமாகவே அசையாமல் படுத்திருக்க வேண்டும். உள்ளே இரத்தம் கசிகிறதா என்று நாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்பா மூச்சை அடக்கிய அந்தக் கணத்தில், திரைக்கு வெளியே நின்ற அம்மாவும் மூச்சை அடக்கியிருந்தாள்.

முடிவு வந்தது. சிரோசிஸ் என்றார்கள். கல்லீரல் இற்றுப் போய், இற்ற இடங்களில் தழும்பு கட்டி, நாளடைவில் முழுதும் முடிச்சு முடிச்சாக இறுகிச் சுருங்கிவிடும் நோய் அது. இறுகிய கல்லீரல் வழியே இரத்தம் போக வழியின்றித் தேங்குவதால்தான் வயிற்றில் நீர் சேர்கிறது. தழும்பை இளக்கும் மருந்து கிடையாது. உப்பை அறவே நிறுத்துவது, சிறுநீரைப் பெருக்கும் ஊசி, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். அன்று முதல் அம்மா வீட்டுச் சமையல் முழுவதிலும் உப்பை நிறுத்தினாள். சித்தப்பா ஒரு பிடி சோற்றை வாயில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கடையில் சாப்பிட்டார். அம்மா மட்டும் அதையே சாப்பிட்டாள், இன்றும் அப்படித்தான் சாப்பிடுகிறாள். அப்பாவிடம் அவள் இதைச் சொன்னதில்லை.

வாரம் ஒரு முறை பேராசிரியர் மாணவர்கள் சூழ வருவார். பாயருகே நின்று, குச்சியால் காட்டாத குறையாக அப்பாவின் வயிற்றையும், மார்பில் சிலந்திக் கால்களைப்போல் படர்ந்திருந்த சிவந்த இரத்த நாளங்களையும் விளக்குவார். குடிகாரரின் கல்லீரலுக்கு இது பாடப் புத்தகத்தில் வைக்கத் தகுந்த உதாரணம் என்று ஒருநாள் சொன்னார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மதுவைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் எல்லா மொழிக்காரருக்கும் தெரிந்த சொல். அவர் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். மாணவன் ஒருவன் மீண்டும் திறந்தான்.

அவர்கள் போன பிறகு, வார்டைப் பார்த்துக்கொண்ட இளம் மருத்துவர் தேஷ்பாண்டே மட்டும் திரும்பி வந்தார். அப்பாவிடம் அவர் குடியைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு என்ன சாப்பிடுவார் என்று என்னிடம் கேட்டார். நான் அரிசி, குழம்பு, மோர் என்று அடுக்கினேன். தொழில் என்ன என்றார். சொன்னேன். சரக்கைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கத்தையும், துப்பாமல் விழுங்குவதையும், ஒரு சிறப்பைச் சொல்வது போலவே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அச்சம் வந்துவிட்டது.

காரணம் இது. சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோது, ஈரத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அதில் நஞ்சைச் சுரந்திருந்தது தெரிந்தது. அந்த நஞ்சு முதலில் தாக்குவது கல்லீரலை. அது முதல் நம் நாட்டுப் புண்ணாக்கை வாங்கும் வெளிநாட்டார் அதற்கும் பரிசோதனை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதன் முறை அச்சிட்ட சஞ்சிகை எங்கள் கூடத்திலும் இருந்தது, நான் படித்தும் இருந்தேன். அயல்நாட்டுக் கோழிக்கும் கன்றுக்கும் நேர்ந்த தீங்காகப் படித்தேனே தவிர, அப்பாவின் தொண்டையை அதனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கிடங்கில் அப்போது இருந்த சரக்கோ, சென்ற மழைக்காலத்தில் கூரை ஒழுகி நனைந்தது. வெயிலில் உலர்த்தி, ஒடித்து மென்று, பழுதில்லை என்று அப்பாவே அடுக்கி வைத்தது.

கிடங்குச் சரக்கைச் சோதிக்கும் முறை தெரியும், பொருள்களும் கூடத்தில் உண்டு. இல்லாதது, நஞ்சை ஒளிரச் செய்து காட்டும் புற ஊதா விளக்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட சோதனைகளை எங்கள் முதலாளி வேறு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார், வாடிக்கையாளர் இல்லாத மாதிரியை அவர் அனுப்ப மாட்டார். விளக்கு இருந்த இடத்தை நான் தேடவில்லை. ஊசி மருந்தோடு திரும்பி வரும் வழியில், தோல்நோய்ப் பிரிவின் வாசலில் தலை மழித்த பிள்ளைகள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தலையில் படர்தாமரை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆசிரியை அழைத்து வந்திருந்தார். ஒவ்வொருவராக இருட்டறைக்குள் போனார்கள். திரை விலகிய இடைவெளியில், கரிய கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழ் ஒரு பிள்ளையின் தலையில் பச்சை ஒளி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பூஞ்சை பற்றிய மயிர்க்கால்கள் அந்த வெளிச்சத்தில் அப்படித்தான் ஒளிரும். எனக்கு வேண்டிய விளக்கு எங்கள் வார்டுக்கு இரண்டு தாழ்வாரங்கள் தள்ளி இருந்தது.

தேஷ்பாண்டேயிடம் சொன்னேன். தமக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் மூலம் மதிய இடைவேளையில் அந்த அறையைத் திறந்துவிடச் செய்வதாகச் சொன்னார்.

சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த நஞ்சு ஒரு வில்லையில் நிறைய இருக்கும், பக்கத்து வில்லையில் சிறிதும் இராது. ஆகவே ஒரு மூட்டையை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. பல மூட்டைகளின் மேலும் நடுவும் அடியுமாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக இடித்துக் கலந்து, குவித்து, நாலாகப் பகுத்து, ஒரு பகுதியை மீண்டும் கலந்து பகுத்து அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்படி வந்த பொடியைக் குளோரோபாமில் குலுக்கி வடித்து வற்றவைத்தேன். கண்ணாடித் தகட்டில் சிலிக்கா மாவை மெல்லியதாகப் பூசி உலர்த்தி, அதன் அடியில் அந்தச் சாற்றில் ஒரு துளியும், பக்கத்தில் நானே தேர்ந்து பொறுக்கிய நல்ல கடலையின் சாற்றில் ஒரு துளியும் வைத்தேன். தகட்டின் விளிம்பைக் கரைப்பானில் நிறுத்தினால் ஈரம் மேலேறும். ஏறும்போது சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து வெவ்வேறு உயரங்களில் விட்டுச் செல்லும். நஞ்சு தங்கும் உயரம் சஞ்சிகையில் குறிக்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. அதன் நிறத்தை அந்த விளக்குதான் காட்டும்.

தகட்டைக் கறுப்புத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மருத்துவமனைக்கு வந்தேன். இருட்டறையில் விளக்கை ஏற்றியதும், நல்ல கடலையின் பக்கம் அந்த உயரத்தில் வெறுமையாக இருந்தது. எங்கள் கிடங்கின் பக்கம் தெளிந்த நீல நிறத்தில் ஒரு பொட்டு ஒளிர்ந்தது. நீலமாக ஒளிரும் வேறு பொருள்களும் உண்டு என்பதால் மறுநாள் புதிய மாதிரியோடு மீண்டும் செய்தேன். அதே உயரம், அதே நீலம்.

தேஷ்பாண்டே நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "மனிதரின் கல்லீரலை இது இப்படிச் செய்யும் என்று இன்று வரை யாரும் நிறுவவில்லை. உங்கள் தந்தையைப் பற்றி நான் எதுவும் எழுத முடியாது. ஆனால் அந்தச் சரக்கு எந்த உயிரின் வாயிலும் படக் கூடாது."

பேராசிரியரிடமும் சொல்லிப் பார்த்தார். மாட்டு வைத்தியம் படிக்க விருப்பமா என்று பேராசிரியர் கேட்டதாகப் பின்னால் அறிந்தேன்.

அன்று மாலையே சித்தப்பாவிடம் கிடங்கைப் பூட்டச் சொன்னேன். வடக்கே வறட்சியால் தீவனத்துக்கு எல்லோரும் அலைந்துகொண்டிருந்த நேரம். செம்பூரில் பெரிய தபேலா வைத்திருந்த ராம்லக்கன் கிடங்கு முழுவதையும் ஒரே பேச்சில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சித்தப்பா நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "படிக்க வச்சது கடைக்குக் கொள்ளி வைக்கவா?" என்றார். அண்ணன் சொல்லட்டும், அவர் சொன்னால் தானே தீ வைப்பதாகவும் சொன்னார்.

ஆகவே அப்பாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. பாயருகே அமர்ந்து, நான் செய்ததை முறையாக விளக்கினேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"ருசி எப்படி இருக்கும்?" என்றார்.

"ருசி இல்லப்பா. வாடையும் கெடையாது."

"அப்போ நாக்குக்குத் தெரியாது."

"தெரியாது."

"முப்பது வருசமா தின்னுருக்கேன் எம்மா. ஒண்ணும் செய்யலையே."

நான் அவருடைய வயிற்றைப் பார்த்துவிட்டேன். அவரும் குனிந்து அதைப் பார்த்தார். இந்த ஒரு சரக்கு அல்ல, இதுபோல எத்தனையோ மழைக்காலத்துச் சரக்குகளாக இருக்கலாம் என்று மெல்லச் சொன்னேன். இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். ஆனால் டாக்டர்கள் நினைக்கிற காரணம் பொய் என்பது மட்டும் உறுதி, இதைக் காட்டினால் அவர்கள் அந்தக் கேள்வியை நிறுத்துவார்கள் என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன். எவ்வளவு குறுகிய கணக்கு அது என்பது மறுநாள்தான் விளங்கியது. குடித்ததால் வந்த நோய் என்றால் அவர் பொய்யர்; புண்ணாக்கால் வந்த நோய் என்றால், முப்பது ஆண்டுகளாக அவரை நம்பிய தபேலாக்களுக்கு அவர் விற்றது என்ன?

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் சித்தப்பா ராம்லக்கனை அழைத்து வந்தார். அவர் பெரிய மீசையும் தோளில் துண்டுமாக, கையில் ஒரு பை சாத்துக்குடியோடு வந்து பாயின் ஓரத்தில் குந்தினார். எங்களுடன் பழகிப் பழகி அப்பாவை அண்ணாச்சி என்றே அழைப்பார்; மற்றதெல்லாம் பம்பாய் இந்தி. சுகம் விசாரித்தார். வார்டு நர்ஸுகளைவிடத் தன் எருமைகள் அழகு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். கடைக் கூலிகள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், அண்ணாச்சியின் ஈரல் புண்ணாக்கு தின்றுதான் கெட்டது என்று மகளே விளக்கு வைத்துக் கண்டுபிடித்தாளாமே என்றார். தீவனம் கிடைக்காத நாளில் தனக்கு வேறு வழியில்லை. ஆனால் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வேறு யார் பேச்சும் தனக்குத் தேவையில்லை என்றார்.

அப்பா எழுந்து உட்கார முயன்றார். அம்மா முதுகுக்குத் தலையணை வைத்தாள். நான் அவருக்கு நேர் எதிரே நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"சரக்கு இல்ல, ராம்லக்கன்," என்றார். "தாரூ. சோரீ சே பீதா தா." சாராயம்தான், திருட்டுத்தனமாகக் குடித்து வந்தேன் என்றார். "எத்தன வருசம்னு எனக்கே தெரியாது. வீட்டுல யாருக்கும் தெரியாது," என்று இந்தியிலேயே முடித்தார்.

அம்மாவுக்கு இந்தி அவ்வளவாகத் தெரியாது. அந்தச் சொல் மட்டும் தெரியும், மருத்துவமனை அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அவள் அப்பாவின் கால் மேல் இருந்த போர்வையை இழுத்து நேர்செய்தாள்.

ராம்லக்கனின் முகத்தில் இரக்கமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. அப்பாவின் தொடையைத் தட்டினார். "நானும்தான் குடிக்கிறேன், அண்ணாச்சி. என் எருமைகளுக்குத் தெரியும், வீட்டுக்காரிக்குத் தெரியாது," என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். இத்தனை நாளும் கௌரவமாக ஒதுங்கியிருந்த மனிதர் தங்களில் ஒருவர்தான் என்ற மகிழ்ச்சி அந்தச் சிரிப்பில் இருந்தது.

நான் பேசினேன். என் தந்தை பொய் சொல்கிறார், அவர் ஒரு துளியும் குடித்ததில்லை, சரக்கில் நஞ்சு இருப்பதை என் கண்ணால் கண்டேன், தயவுசெய்து வாங்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில், வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

ராம்லக்கன் எழுந்து என் தலையில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "நல்ல பெண் நீ, மகளே," என்றார். "மகள் என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும். என் மகளும் எனக்காக இப்படிச் சொல்வாளா என்று தெரியவில்லை."

நான் சொன்ன உண்மை, தந்தையின் மானம் காக்க ஒரு மகள் சொல்லும் அன்பான பொய்யாகிவிட்டது. அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அதே கணக்கில்தான் சேரும். இரண்டு நாளில் கிடங்கு காலியாயிற்று.

பேராசிரியருக்குச் செய்தி எட்டியது. அடுத்த முறை வந்தபோது மாணவர்களிடம், நோயாளி முதலில் மறுப்பதும் பின்னர் ஒப்புவதும் இயல்பு, பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று பாடம் சொன்னார். தேஷ்பாண்டே தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அம்மா மட்டும் ஒருநாள், கஞ்சி புகட்டிக்கொண்டே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"ஒரு கெட்ட பேரு என்னோட போயிரும்," என்றார் அப்பா. "இன்னொண்ணு கடையோட நிக்கும்லா."

அவர் என் சோதனையை நம்பவில்லை என்றே அன்று நான் எடுத்துக்கொண்டேன். வதந்திக்கு அஞ்சிய வியாபாரியாகத்தான் அவரைக் கண்டேன்.

நான் கைகட்டி இருக்கவில்லை. எங்கள் முதலாளியிடம் தகட்டைக் காட்டினேன். கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர் இல்லாமல் கூடத்தின் கையொப்பம் கிடையாது என்றார். அதையே வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்காக இருந்தால் உடனே நிறுத்தியிருப்போம் என்று அவராகவே சொன்னார். அந்த வாக்கியத்தில் உள்ள அவலம் அவருக்குப் படவில்லை. நகரின் சுகாதார அலுவலகத்தில், மாட்டுத் தீவனம் தங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் மட்டும் புகார் எழுதித் தரலாமாம். செம்பூர் தபேலாவுக்கே போனேன். ராம்லக்கன் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்து, என் தந்தையைப் பற்றி யாரிடமும் தப்பாகப் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார். தொழுவத்தின் ஓரத்தில் எங்கள் கடை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். முன்பெல்லாம் அவர் வந்தால் எழுந்து நிற்பவர்கள், இப்போது இனியாவது அதைத் தொடாதீர்கள் அண்ணாச்சி என்று அறிவுரை கூறினார்கள். அப்பா எல்லோருக்கும் சரி என்றார். அம்மா உப்பில்லாத கஞ்சியை ஆற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சென்ற வாரம் முதல் காலையில் ஓர் ஆள் சைக்கிளில் பால் கொண்டுவந்து கொடுக்கிறான். ராம்லக்கன் அனுப்பியது. உடம்பு தேறட்டும், காசு வாங்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. முதல் நாள் அம்மா அதைக் காய்ச்சி அப்பாவுக்கு ஆற்றினாள். நான் தடுத்தேன். மாடு தின்னும் நஞ்சில் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகிறது, கொதிக்க வைத்தாலும் போவதில்லை என்பதை அவளுக்கு விளக்கினேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். நல்ல பாலைக் கொட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. நான் சொல்வது அப்பாவின் உடம்புக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, எங்கள் அறைக்கு அடுத்த அறையில் தவழ்ந்து திரியும் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அந்தப் பிள்ளைக்குக் குடுக்காண்டாம்," என்றார் அப்பா.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்திருந்தார்.

"ஏன்?"

"குடுக்காண்டாம்ங்கேன்லா. கீழ ஊத்திரு."

அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். அப்படியானால் செம்பூரில் இதே பால் போகிற வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் என்று நான் கேட்டேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மருத்துவமனையில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர் அன்றே நம்பியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையிலும் பால் வந்தது. திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் அப்பா. அம்மா பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள்.